நான் விற்ற சொற்கள்

இளங்கலைத் தமிழ், மூன்றாம் ஆண்டு மாணவன்

"தம்பி, என்ன வேலை செய்கிறாய்?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று விடை சொல்ல வராது. கல்லூரியில் தமிழ் படிக்கிறேன் என்பது பாதி விடை. மீதிப் பாதி மாலை ஐந்து மணிக்கு மேல் தொடங்குகிறது. நான் விளம்பரம் எழுதுகிறேன். எந்த நிறுவனத்திலும் எனக்கு நாற்காலி இல்லை. மாதச் சம்பளம் இல்லை. கேட்டவர்க்கு எழுதிக் கொடுப்பேன். கொடுத்ததை வாங்கிக் கொள்வேன். என் தந்தை கூலிக்கு நெய்தவர். நான் கூலிக்கு எழுதுபவன். அவ்வளவுதான் வேறுபாடு என்று சென்ற ஆண்டு வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமை எப்படிக் கலைந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

"கதையும் கவிதையும் நிறைய வந்துவிட்டன. நீ நன்றாக அறிந்த ஒன்றைப் பற்றி எழுது" என்றார் மலர்க்குழுப் பேராசிரியர். இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். நான் நன்றாக அறிந்தது என்னுடைய தவறு ஒன்றைத்தான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

எங்கள் வீடு உறையூரில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது வீட்டின் முன்கட்டில் குழித்தறி இருந்தது. அப்பா குழிக்குள் கால்களை விட்டு அமர்ந்து மிதியை மிதிக்க, நாடா இடமும் வலமும் ஓடும். அம்மா திண்ணையில் ராட்டையில் தார் சுற்றுவார். தறிச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு. தறிச் சத்தம் நின்றால்தான் நான் விழித்துக்கொள்வேன் என்று அம்மா சொல்வார். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது மிதிவண்டிக்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இன்று அந்தத் தெருவில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. அப்பாவுக்கு முழங்கால் வலி முற்றியபின் தறியைக் கழற்றி விட்டோம். கடைசியாக அவர் நெய்த நாளில், நாடாக் கயிற்றைப் பிடித்திருந்த அவருடைய கையை என் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தேன். அந்தப் படம் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வரும்.

நான் விளம்பரம் எழுதத் தொடங்கியது தற்செயலாகத்தான். தில்லைநகரில் பிரியாணிக் கடை திறந்த நண்பனின் அண்ணன், "நீ தமிழ் படிக்கிறவன்தானே, நாலு வரி எழுதிக் கொடு" என்றார். எழுதினேன். கூட்டம் வந்தது. என் எழுத்தால் வந்ததா, பிரியாணி மணத்தால் வந்ததா என்று யார் கண்டார்? எனக்கோ என் எழுத்தால்தான் வந்தது என்ற நினைப்பு! அதன்பின் அழகு நிலையம், கணினிப் பயிற்சி மையம், மசாலாப் பொடி, வீட்டு மனை என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பதிவுக்கு ரூ. 150; ஒரு நிமிடப் படத்துக்கான வாசகம் என்றால் ரூ. 300. கல்லூரிக் கட்டணத்துக்கு வீட்டில் கை நீட்டாத பிள்ளை என்ற பெயர் கிடைத்தது.

இந்தத் தொழிலின் முதல் பாடம் ஒன்று உண்டு. பார்ப்பவரின் கட்டைவிரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் மூன்று நொடிக்குள் அந்த விரலை நிறுத்தியாக வேண்டும். நின்றால் வெற்றி, நிற்காவிட்டால் நாம் எழுதியதெல்லாம் காவிரியில் கரைத்த புளி. ஆகவே எழுதுபவனின் மனம் பொருளைப் பார்ப்பதில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. "திருச்சியிலேயே முதன்முறையாக" என்று நான் எழுதாத கடை இல்லை. எத்தனை முதன்முறைகள்! ஒரே மாதத்தில் மூன்று கடைகளை முதற்கடை ஆக்கிய பெருமை எனக்கு உண்டு.

இந்த மேடைகளுக்கு வயது மிகக் குறைவு. இன்ஸ்டாகிராம் தோன்றியது 2010இல். கடைக்காரர்களுக்கென்று வாட்சாப் தனிச் செயலி கொண்டுவந்தது 2018இல். 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. ஆட்டம் போட்ட மேடை மாறியதே தவிர ஆட்டம் நிற்கவில்லை. இன்று எங்கள் வீட்டில் அம்மா பாலைக் காய்ச்சும்போதே உறவினர் வைத்த ஸ்டேட்டஸ்களைப் பார்த்து முடித்து விடுகிறார். யார் வீட்டில் காதுகுத்து, யார் புது வண்டி வாங்கினார் என்பதெல்லாம் பால் பொங்குவதற்குள் தெரிந்துவிடும். சில நாள் பால் பொங்கி வழிந்துவிடுவதும் உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவன், தன் படத்துக்கு எத்தனை விருப்பக்குறி விழுந்தது என்று எண்ணிப் பார்க்காமல் இரவு உறங்கமாட்டான். யாருமே விற்பனைக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டு எல்லோருமே கடை விரித்திருக்கிறோம் அன்றோ!

பழைய காலத்தில் மட்டும் விளம்பரம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் எத்தனை வகைக் கொடிகள் பறக்கின்றன! என்ன கிடைக்கும் என்று சொல்லும் கொடியும் அவற்றுள் ஒன்று. நம் திருச்சிக்கே ஒரு கதை உண்டு. 1905இல் இந்த ஊரில் இரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகச் சென்று சலனப் படம் காட்டினார். படக் கொட்டகைகள் பெருகிய காலத்தில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தமுக்கடித்து, துண்டுத்தாள் வீசிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் பின்னால் ஓடுவார்கள். எஸ். எஸ். வாசன்கூட விளம்பரத் தொழில் செய்து வந்தவர்தான். 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கினார். எனவே இது இழிந்த தொழில் அன்று. கூவி விற்பதில் தவறில்லை. எதைக் கூவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் உறையூர் கூவாமலேயே விற்ற ஊர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூலில் 'அர்கரு' என்ற இடத்திலிருந்து ஏற்றுமதியான மெல்லிய துணி பேசப்படுகிறது. அந்தத் துணிக்கு அவ்வூரின் பெயரே பெயர். அர்கரு என்பது உறையூர்தான் என்று அறிஞர் பலர் கருதுவர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் உறையூரில் நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டி ஒன்றும் வெளிப்பட்டது. பிற்காலத்தில் சுருட்டுக்கு வந்த பேரும் அப்படித்தான். 1887இல் வெளிவந்த கானன் டாயிலின் முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுகொள்கிறார். சுருட்டின் தீமையை இன்று நாம் அறிவோம். அதைப் புகழ்வது என் நோக்கமன்று. நான் சொல்ல வந்தது, ஓர் ஊரின் பெயர் எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்பதைத்தான். யாரோ ஒருவர் நன்றாக நெய்கிறார். அடுத்தவரும் குறையில்லாமல் நெய்கிறார். பல தலைமுறை அப்படியே நெய்கிறது. பிறகு ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், வாங்குகிறவர் விரித்துப் பார்க்காமலே வாங்குகிறார். அது ஊரார் எல்லோரும் சேர்த்து வைத்த பொதுச் சொத்து. அந்தச் சொத்திலிருந்து நான் ரூ. 300க்கு ஒரு கை அள்ளி விற்றேன்.

சென்ற ஆண்டு தீபாவளிக்குச் சில வாரம் முன்பு, கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எட்டுச் சேலைகளின் படங்களைக் கைப்பேசியில் அனுப்பினார்.

"உறையூர்க் காட்டன்னு போடு தம்பி. பழமை, பாரம்பரியம், அதெல்லாம் நல்லாப் போடு."

"கைத்தறியா சார்?" என்று கேட்டேன்.

"ஆமான்னு வச்சுக்க" என்றார்.

நண்பர்களே! 'ஆமாம்' என்ற சொல்லுக்கும் 'ஆமான்னு வச்சுக்க' என்ற சொல்லுக்கும் உள்ள தொலைவு எனக்குத் தெரியாதா? தறிக்குழியருகே பிறந்து, இலக்கணம் படித்து, சொற்பொருள் ஆராய்ந்து தேர்வு எழுதுகிறவன் நான். நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் வேலை போய்விடும் என்று விழுங்கிக்கொண்டேன். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அந்த விழுங்கிய கேள்விதான் வேர்.

அன்றிரவே எழுதினேன். மூன்று தலைமுறை விரல்கள் நெய்த சேலை என்றும், உறையூர்த் தறியின் ஓசை உங்கள் தோளில் என்றும் சொற்கள் தாமாக வந்து விழுந்தன. உண்மையில் வாழ்ந்து கண்டதல்லவா, வராமல் என்ன செய்யும்? படத்துக்கு ஒரு தொடக்கக் காட்சி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று: அப்பாவின் கை. நாடாக் கயிற்றைப் பிடித்த அந்தக் கையை முதல் மூன்று நொடிக்கு வைத்தேன். விரல்கள் நின்றன. நான்கு நாளில் 11,000 பேர் பார்த்தார்கள். நான் அதுவரை எழுதியவற்றில் அதுவே அதிகம்.

அம்மாவின் கைப்பேசிக்கும் அது சுற்றி வந்து சேர்ந்தது. அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடியும் போடச் சொல்லிப் பார்த்தார். "என் கையப் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுத் தன் வலக்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். தறியைக் கழற்றிய நாளிலிருந்து அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் கண்டதில்லை. அன்று மாலை தேநீர்க் கடைக்குக்கூட வேட்டியை மடித்துக் கட்டாமல் தழையவிட்டுக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அத்தை வந்தார். உறவில் அத்தை அல்லர். ஆனால் நான் பிறந்தபோது என்னைக் கையில் ஏந்தியவர்களில் ஒருவர். பூக்கட்டி விற்பவர். மகளுக்குத் தீபாவளிச் சேலை எடுத்து வந்திருந்தார். விலை ரூ. 1,350. பூக்கட்டிச் சேர்த்த பணம்.

"அண்ணே, உங்க கையைப் பாத்துட்டுத்தான் இந்தச் சேலைய எடுத்தேன். உங்க கைக்குத் தப்பு வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி, சேலையை அப்பாவின் மடியில் வைத்தார்.

அப்பா விரித்தார். முந்தியைப் பார்த்தார். புறம் திருப்பினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கரையோரமாக ஓட்டிக்கொண்டே போனார். பிறகு என்னைப் பார்த்தார். அரை நொடிதான் பார்த்திருப்பார். அத்தை பக்கம் திரும்பி,

"நல்லாருக்கும்மா. பாப்பா உடுத்திக்கட்டும்" என்றார்.

அத்தை மகிழ்ந்து போனார். அவர் படியிறங்கிப் போனபின் வெகுநேரம் அப்பா ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அது விசைத்தறிடா. ஊடை ஒரே சீரா ஓடியிருக்கு, எங்கயும் மூச்சு வாங்கல. மனுசன் நெஞ்சா, தண்ணி குடிக்க எந்திரிச்சது கூடத் துணியில தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சங்கத்துல என் சேலைய ஒரு நாளும் கொற சொல்லித் திருப்புனதில்ல. இந்தக் கைய வச்சு நான் பொய் சொன்னதில்ல. இன்னிக்கு உனக்காகச் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விசைத்தறி குற்றமன்று. விசைத்தறிக் கூடத்தில் இரவுப் பணி பார்ப்பவனும் உழைப்பாளிதான். அந்தத் துணியை உடுத்துகிற ஏழைக்கு அது குறைந்த விலையில் மானம் காக்கிறது. விசைத்தறிச் சேலையை விசைத்தறிச் சேலை என்று சொல்லி ரூ. 500க்கு விற்றிருந்தால் அதில் யாருக்கு என்ன குறை? கைத்தறி என்ற பெயரில்தான் வஞ்சகம் இருந்தது. ஒரு நெசவாளி நாள் முழுதும் மிதித்து ஈட்டும் மதிப்பை, தறிப்பக்கமே போகாத துணிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டோம். இதைத் தடுக்கத்தானே 1985இல் சில துணி வகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிச் சட்டம் இயற்றினார்கள்? வாங்குவோர் அடையாளம் காணக் கைத்தறி முத்திரை 2006இல் வந்ததும் இதற்காகத்தானே? சட்டமும் முத்திரையும் இருந்தன. ஆனால் என் ஒரு நிமிடப் படத்தில் அந்த முத்திரையை எவரும் தேடவில்லை. தேடத் தோன்றாதபடி, ஒரு நெசவாளியின் கையை முன்னால் வைத்துவிட்டேன் அல்லவா!

மறுநாள் கடைக்குப் போனேன்.

"சார், அது கைத்தறி இல்லையே?"

"நான் எப்பத் தம்பி கைத்தறின்னு சொன்னேன்? ஆமான்னு வச்சுக்கன்னுதானே சொன்னேன். எழுதினது நீ."

என்ன பதில் சொல்வது? அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எழுதியது நான்தான். படத்தை எடுத்துவிடும்படி கெஞ்சினேன். "சரக்கு பாதிக்கு மேல போயிடுச்சு, இனி இருந்தா என்ன, போனா என்ன" என்று எடுத்துவிட்டார். அத்தை வாங்கிய சேலையைத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்ற பலகையைக் கையால் காட்டினார்.

அங்கிருந்து வீட்டுக்கு நேரே போக மனம் வரவில்லை. வெக்காளியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். அங்கே அம்மனுக்குக் கூரை இல்லை. வெயிலும் மழையும் அவள்மேல்தான் விழும். குறையுடையோர் தம் குறையை ஒரு சீட்டில் எழுதி, எதிரே உள்ள சூலத்தில் கட்டிவிட்டுப் போவது வழக்கம். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். ஒரு பெண் சுவரோரமாக நின்று முழங்கையில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுதியதை மடித்துக் கட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள். அதை யாரும் விரும்பப் போவதில்லை, பகிரப் போவதில்லை. முதல் மூன்று நொடியில் யாரையும் நிறுத்த வேண்டியதும் இல்லை. ஆகவே அந்தச் சீட்டில் மிகைச்சொல் ஒன்றுகூட இராது என்று எனக்குத் தோன்றியது. நாமும் எழுதுகிறோம், அவளும் எழுதுகிறாள்! வெட்கமாக இருந்தது.

நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சொன்ன பொய்யையும் சொன்னேன். ஏனெனில் அது அவருடையதன்று, என்னுடையது. அத்தை பூக்கட்டுவதை நிறுத்தவில்லை. நான்கைந்து கண்ணி கட்டியபின்,

"சேலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அண்ணன் கைன்னு நெனச்சேன்" என்றார்.

ஊரில் அதே போன்ற விசைத்தறிச் சேலையின் விலையை விசாரித்து, மேலே கொடுத்த பணமாக ரூ. 800 கணக்கிட்டுக் கையில் வைத்திருந்தேன். நீட்டினேன். அதில் மூன்று நூறு ரூபாய்த் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். "உனக்கு வந்த கூலியக் குடுத்தாப் போதும். கடைக்காரன் எடுத்ததுக்கு நீ எதுக்கு அழுவணும்?" என்றார். பொருளாதாரப் பாடத்தில் இப்படி ஒரு கணக்கை நான் படித்ததில்லை.

ஒருவருக்குச் சொல்லியாயிற்று. மற்றவர்களுக்கு? எத்தனை பேர் அந்தக் கையை நம்பி வாங்கினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். இன்ன படத்தில் வந்த சேலைகள் கைத்தறி அல்ல, எழுதியவன் நான், பிழை என்னுடையது என்று நான்கு வரி. அதைப் பார்த்தவர் 46 பேர். பொய்க்கு 11,000, திருத்தத்துக்கு 46! சமூக ஊடகம் பற்றி நான் கற்ற இரண்டாவது பாடம் இது. அங்கே பொய்க்கும் உண்மைக்கும் ஒரே கதவுதான் திறந்திருக்கிறது; ஆனால் பொய்யை அலங்காரம் செய்து அனுப்புகிறோம், உண்மையை வெறுங்காலோடு அனுப்புகிறோம். அந்தப் பழைய படமோ கடைக்காரர் எடுத்தபின்னும் உறவினர் குழுக்களில் சுற்றிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குக்கூட ஒரு மாமா அதை எனக்கே அனுப்பி, "உங்கப்பா கை மாதிரியே இருக்குடா" என்று எழுதியிருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பொருளை உண்டாக்கியவர்மீதும், அதைப் பரிந்துரைத்து நடித்தவர்மீதும் ரூ. 10 இலட்சம் வரை தண்டம் விதிக்கலாம். மறுமுறை செய்தால் ரூ. 50 இலட்சம் வரை போகலாம். காசு வாங்கிக்கொண்டு சமூக ஊடகத்தில் புகழ்பவர்கள் அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் குழுமமும் 2021இல் நெறி வகுத்தது. நல்லவைதாம். ஆனால் பெயரில்லாமல் வீட்டு மூலையில் உட்கார்ந்து ரூ. 300க்கு எழுதுகிறவனை எந்தச் சட்டம் தேடி வரப்போகிறது? அவனை அவனேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

பட்டினப்பாலையை அந்த வாரம்தான் வகுப்பில் மீண்டும் நடத்தினார்கள். கொடிகளுக்கு மேல் என் கவனம் அதுவரை போனதில்லை. இம்முறை வணிகர்களைப் பற்றிய பகுதியில் நின்றுவிட்டேன். பழிக்கு அஞ்சி மெய்யே பேசுவார்களாம். தம் பொருளைப் போலவே பிறர் பொருளையும் மதிப்பார்களாம். வாங்குவதை மிகுத்து வாங்காமல், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமல், விலையை வெளிப்படச் சொல்லி விற்பார்களாம். அந்தப் பாட்டின் தலைவன் கரிகாலன், உறந்தையைப் பெருக்கிக் குடிகளை அங்கே நிலைநிறுத்தினான் என்றும் அதே பாட்டு சொல்கிறது. உறந்தை என்பது எங்கள் உறையூர்தான். உறந்தையின் அவையில் அறம் நிலைபெற்றிருந்தது என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். தேர்வுக்காக எத்தனை முறை இதை மனப்பாடம் செய்திருப்பேன்! எங்கள் தெருவைப் பற்றித்தான் பாடியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

நான் விளம்பரம் எழுதுவதை விடவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. அப்பாவின் மருந்துச் செலவு இருக்கிறது. ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். பொருளைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எழுதுவதில்லை. உணவென்றால் உண்டு பார்ப்பேன். மனையென்றால் நடந்து பார்ப்பேன். துணியென்றால் வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைப்பேன். இதனால் மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். "எழுதுறதுக்கு எதுக்குத் தம்பி ஆராய்ச்சி?" என்று கேட்டவர் ஒருவர். வருமானம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அது பொய்யில்லை, கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஆனால் வேறு சிலர் வந்தார்கள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி முறுக்குச் சுட்டு விற்கும் அம்மா ஒருவர், "மணப்பாறை முறுக்குன்னு போட்டா நல்லாப் போகும்ப்பா" என்றார். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அது அந்த ஊரார் உழைத்துச் சேர்த்த பெயர் என்று சொன்னேன். "அப்ப நம்ம முறுக்குக்கு என்ன பேரு?" என்று கேட்டார். ஒரு முறுக்கை வாயில் போட்டேன். எள்ளும் ஓமமும் மணத்தது. எங்கே சுடுகிறீர்கள் என்று கேட்டேன். "இந்தா, இந்த அடுப்புலதான்" என்றார். உறையூர் வீட்டு அடுப்பு முறுக்கு என்று எழுதினோம். விலையையும், ஒரு நாளைக்கு எத்தனை சுட முடியும் என்பதையும் போட்டோம். பார்த்தவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. ஆனால் சுட்டது மாலைக்குள் தீர்ந்துவிடுகிறது. அவருடைய அடுப்புக்கு அதற்குமேல் விற்கவும் இயலாது. அதற்குமேல் பொய் சொல்லவும் தேவையில்லை.

தோழர்களே! உங்களில் பலர் நாளை ஆசிரியர் ஆவீர்கள், அலுவலகங்களில் அமர்வீர்கள், கடை வைப்பீர்கள். என்னைப் போல் எழுதிப் பிழைப்பவரும் சிலர் இருக்கலாம். ஆனால் இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருவகையில் விளம்பரக்காரரே. நமக்கு வந்ததை மற்றவர்க்கு அனுப்பும்போது, அதனோடு நம் பெயரையும் நம்மை நம்புகிறவர்களின் நம்பிக்கையையும் சேர்த்தே அனுப்புகிறோம். அத்தை அந்தக் கடையை நம்பவில்லை. என் எழுத்தையும் நம்பவில்லை. அப்பாவின் கையை நம்பினார். அந்தக் கைக்கு அந்த மதிப்பு வர நாற்பது ஆண்டு ஆயிற்று. செலவழிக்க எனக்கு மூன்று நொடி போதுமானதாக இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். அவருடைய பொய்யை எழுதலாமா என்று அனுமதி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நடந்ததுதானே, எழுது" என்றார். பிறகு, இப்போதெல்லாம் நான் எதை எழுதினாலும் கேட்கும் அதே கேள்வியைக் கேட்டார்:

"தொட்டுப் பாத்துட்டுத்தானே எழுதின?"

"ஆமாம்ப்பா" என்றேன்.